அம்மா முன்பே சொல்லியிருந்தார்

"இதை நீ எழுதலை. யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க."

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா இப்படிச் சொன்னபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அம்மா என் பக்கத்தில் நின்றார். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவில் கூடியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அந்த நாட்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அம்மா அவ்வளவு சிரித்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அம்மா பிறந்தது வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றில். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றதால் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டு பொகவந்தலாவைக்கு வந்த மறுமாதமே மலையில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கத் தொடங்கினார். கடைசிவரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. ஆனால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதில் அம்மாவை ஏமாற்ற முடியாது. நாங்கள் ஏதாவது கதையை அவசரமாகச் சொன்னால் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"இரு, இரு. மழை பெஞ்சது முந்தியா, நீ வழுக்கி விழுந்தது முந்தியா?"

"நீ பொலிசுல சேந்திருக்கணும்மா" என்பான் தம்பி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறாம் நம்பர் மலையில் முனியாண்டி கோயிலுக்குக் கீழே அம்மா ஒரு குளவிக் கூட்டைக் கண்டார். எங்கள் தோட்டத்தில் கூட்டைக் காண்பவர் பக்கத்துச் செடியில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். கூட்டை அழிக்கும்வரை அங்கே யாரும் பறிக்கப் போவதில்லை. அம்மாவும் துணி கட்டினார். பிறகு தேநீர் குடித்துக்கொண்டிருந்த கங்காணி மாமாவிடம் போய், "அண்ணே, ஆறாம் நம்பர்ல குளவி இருக்கு, பாத்துட்டு ஆள் போடுங்க" என்றும் சொன்னார். மாமா அந்த மாதம்தான் வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்தார்.

இரண்டு மணி நேரத்தில் அதே இடத்தில் எட்டுப் பெண்களை மாமா இறக்கிவிட்டார். குளவி கிளம்பியது. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். மேல் நிரையிலிருந்து அவர்களை இழுத்துவர ஓடிய அம்மாவுக்குக் கன்னத்திலும் கண்ணிமையிலும் கொட்டு.

மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அம்மாவும் அந்த எட்டுப் பேரும் அனுமதியில்லாமல் மலையை விட்டுப் போயிருந்தார்களாம். குளவிக் கூட்டைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லையாம். இரண்டு நாளில் விளக்கம் தராவிட்டால் பேர் வெட்டப்படும், வேலை போய்விடும். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். ஒன்பது குடும்பங்கள்.

தமிழில் எழுதினால் தோட்டத்தை நடத்தும் துரையின் கைக்குப் போகுமுன் இன்னொருவர் அதை மாற்றி எழுதுவார். அதனால் ஆங்கிலத்திலேயே எழுதுகிறேன் என்றேன். எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வீங்கிய கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "இதக் கேட்டா, கொட்டுனதுக்கப்புறம் ஓடிப்போயி சொன்ன மாதிரில்ல இருக்கு?" என்றார்.

திடுக்கிட்டுப் போனேன். பார்த்தது, சொன்னது, கொட்டியது எல்லாவற்றையும் ஒரே இறந்த காலத்தில் எழுதியிருந்தேன். ஆபீஸ் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'தட்' (that) என்ற சொல்லுக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும், அதற்கு முன்பே நடந்து முடிந்ததைக் காட்டும் 'ஹேட்' (had) வந்திருந்தது. வகுப்பில் எனக்குப் பிடிபடாத பாடம், எங்களைக் குற்றஞ்சாட்டிய தாளில் தெளிவாக இருந்தது. எங்கள் தவறு என்று அவர்கள் நினைத்ததையெல்லாம் கவனமாக முன்னால் நடந்ததாக வைத்திருந்தார்கள். அம்மாவுக்கும் அதை விளக்கிவிட்டு நானும் அப்படியே செய்தேன். கூட்டைப் பார்த்திருந்ததாக, துணி கட்டியிருந்ததாக, கங்காணியிடம் சொல்லியிருந்ததாக.

"இப்ப எத்தன ஹேட் இருக்கு?" என்றார் அம்மா.

"மூணும்மா."

"அவரு டீ குடிச்சிக்கிட்டு இருந்தாருல்ல, அதுக்கும் ஒண்ணு வை."

"அதுக்கு ஹேட் வராதும்மா. நீ சொன்ன அதே நேரத்துலதான குடிச்சாரு."

"வராட்டி போகட்டும். டீயை விட்டுறாத."

அந்தக் கடிதத்தைத்தான் கிளாக்கர் ஐயா கையில் வைத்துக்கொண்டு, நான் எழுதவில்லை என்றார். "சரி, நீதான் எழுதுனன்னா சொல்லு. இந்த எடத்துல ஏன் ஹேட் போட்ட?"

நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார்: "ஆபீசு கேக்குறது இன்னைக்கிங்க. நான் சொன்னது செவ்வாக்கெழம, கொட்டுறதுக்கு முந்தி. அதுக்குத்தாங்க."

ஐயா கண்ணாடியைக் கழற்றி அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, தானே அதைத் துரையிடம் கொண்டுபோனார்.

மறுநாள் விசாரணை. துரை கடிதத்தை வாசித்துவிட்டுக் கங்காணி மாமாவைப் பார்த்து, சிவப்புத் துணியைக் கண்டாயா என்று கிளாக்கர் ஐயா வழியாகக் கேட்டார். மாமா அம்மாவின் வீங்கிய முகத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி சொன்னிச்சிங்க. போயும் பாத்தேங்க. எங்க பழைய தோட்டத்துல கூடு இருந்தா குச்சி நட்டு வைப்பாங்க. அதத் தேடுனேன், காணோம். செவப்புத் துணிதான் இருந்திச்சி. கோயிலுக்குப் பக்கமா இருந்ததால வேண்டுதல்னு நெனச்சிக் கும்பிட்டுட்டு வந்துட்டேங்க. அப்புறம் சொல்லப் பயந்துட்டேன். எனக்கும் காம்பரா போயிருமேன்னு."

அம்மாதான் முதலில் சிரித்தார்.

"குளவிக்கா அண்ணே கும்பிடு போட்டீங்க? அதான் எங்களுக்கு நல்லா ஆசீர்வாதம் பண்ணிருச்சி!"

வலிக்கிற கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். கிளாக்கர் ஐயா சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும் துரையும் சிரித்துவிட்டார். யாருடைய பேரும் வெட்டப்படவில்லை. மாமாவையும் மன்னிக்கச் சொல்லி அம்மாவே கேட்டுக்கொண்டார்.

அதன்பிறகு நான் எதை எழுத உட்கார்ந்தாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும். "ஹேட் போட்டியா?"

சென்ற ஆண்டு அம்மா நோயில் விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் தம் நோயையும் வரிசையாகவே சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம், "எம்புள்ள எழுதுனதப் படிச்சி தொரையே சிரிச்சாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அமைதியாகக் கண்மூடினார்.

வண்டி வராத பாதையில் அம்மாவைத் தோளில் தூக்கிவந்த லயத்து அண்ணன்மாருக்கும், கடையைப் பூட்டிவிட்டு வேனோடு வந்த கடைத்தெரு முஸ்லிம் அண்ணன் பசார் நானாவுக்கும், எங்களுக்கு மூன்று வேளையும் சமைத்துத் தந்த எட்டுக் குடும்பங்களுக்கும் அப்பா, தம்பி, நான் மூவரும் கைகூப்புகிறோம். இந்தக் கட்டுரையின் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தவர் கிளாக்கர் ஐயா. யார் எழுதியது என்று இம்முறை அவர் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தில், தங்கள் கடிதத்தைத் தாங்களே எழுத விரும்புகிறவர்களுக்கு ஆங்கில வகுப்பைத் தொடங்கினேன். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் வந்தார்கள். கரும்பலகையைச் சுமந்துவந்த கங்காணி மாமாவும் கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டார். தாம் முன்பே சொல்லியிருந்ததாக அம்மா சொன்னார் என்பதுதான் அந்தப் பலகையில் நான் ஆங்கிலத்தில் எழுதிய முதல் வாக்கியம்.

மாமா கையைத் தூக்கினார். "புள்ள, அந்த ஹேட்டுக்குப் பக்கத்துல ஒரு செவப்புத் துணி கட்டி வையி. இந்தத் தடவ சரியாப் பாத்துக்கிறேன்."

சிவப்புச் சோக்கை எடுத்து ஹேட்டின் கீழே கோடு போட்டேன்.