ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன வேட்பாளர்

ஞாயிற்றுக்கிழமை பெரியதாழையில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு. இது தெரியாத வேட்பாளர் ஒருவர், போன ஞாயிறு வள்ளத்தில் ஏறி நின்று, "மீனவ உறவுகளோடு இன்று நடுக்கடலில்" என்று படம் போட்டார்.

விடுவேனா? "ஊர்க் கமிட்டி இவரை எப்போது விசாரிக்கும்?" என்று எழுதி ஒரு மீம் போட்டேன். பிய்த்துக்கொண்டு போனது.

இன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணாச்சி அதே மீமை என்னிடம் நீட்டினார்.

"பாத்தியா தம்பி? இது என் வள்ளம். கமிட்டில என்னைய விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காவ."

முதல் தடவை பார்ப்பதுபோல மீமைப் பார்த்தேன். "கடலுக்குப் போனீங்களா அண்ணாச்சி?"

"எங்க போக? வள்ளம் மணல்லதான் நின்னுச்சு. அந்தாளு ஏறுனாரு, போட்டோ எடுத்தாரு, எறங்கிட்டாரு. மணலோட சேத்து எம் மவ எடுத்த போட்டோ இந்தா இருக்கு. வாயால சொன்னா எவன் நம்புதான்? மீம் போட்டாத்தான் நம்புதானுவ. ஒனக்குப் போடத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

இறங்குவதற்குள் போட்டுக் கொடுத்தேன். அந்தப் புது மீம் கீழே இருக்கிறது. வேட்பாளர் கட்டுப்பாட்டை மீறவில்லை என்று ஆதாரத்தோடு நிரூபித்திருக்கிறேன். அவர் கட்சிக்காரர்கள் நன்றி சொல்லலாம்.

அண்ணாச்சிக்காக எல்லோரும் பகிருங்கள். முதல் மீம் யார் போட்டது என்று மட்டும் கமெண்டில் உளறிவிடாதீர்கள்.