அந்தோனியின் பெயரில் பத்தொன்பது புத்தகங்கள்

வாசிகசாலையில் புத்தகம் இரவல் கொடுப்பவனுக்கு ஊரில் யார் எதை வாசிக்கிறார்கள் என்பது தெரியும். அதை வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் அவனுடைய உத்தியோகம். சம்பளமில்லாத இந்த உத்தியோகத்தில் மாட்டுப்பட்ட என் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழும்புத்துறையில் பதினொரு வருடம் நான் அதைச் செய்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்மேற்குக் காற்று வீசும் ஒரு சோளகக் காலத்தில் நடந்தவை மட்டும் இங்கே.

மொத்தமான புத்தகம்

சோளகம் பலத்து வீசும் நாட்களில் வள்ளங்கள் கரையில் கிடக்கும். பள்ளிக்கூடங்களும் ஓகஸ்டில் மூடிவிடும். அப்போதுதான் எங்கள் அரசியல் அலுமாரிக்கு நல்ல காலம். வெளிநாட்டில் அச்சடித்து மலிவாக வந்த, கெட்டி அட்டை போட்ட புத்தகங்கள்: அரசு என்றால் என்ன, நிலம் யாருக்கு, அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம். அவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துப் போனவன் அந்தோனி. வலை இழுக்கிற இளந்தாரி. நானும் பெருமையோடு நிர்வாக சபையில் அவனைப் பற்றிச் சொன்னேன். பாருங்கள், ஒரு தொழிலாளி எப்படி வாசிக்கிறான் என்று.

ஒருநாள் அவனை இருத்தி, கடைசியாக எடுத்த புத்தகத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "எனக்கென்ன அண்ணை தெரியும்? தங்கச்சி றெஜினாதான் வாசிக்கிறவள். மெல்லிசாய்த் தந்தால் ரெண்டு நாளிலை முடிச்சுப்போட்டு என்னைத் திருப்பி இஞ்சை கலைக்கிறாள். மொத்தமாய் ஒண்டு தாங்கோ."

துண்டுக் கடதாசி

பெண்கள் வரக்கூடாது என்று எங்கள் வாசிகசாலையில் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. சந்தியில் இருக்கிற கட்டிடம், உட்காரப் போட்ட வாங்குகள் நிறைய ஆண்கள், பேப்பரைச் சத்தமாக வாசித்து வாதாடுகிறவர்கள். எந்தப் பெண் உள்ளே வருவாள்? அங்கத்துவமும் ஆண்களுக்குத்தான். அதனால் தங்கைமார் வாசித்ததெல்லாம் தமையன்மாரின் பெயரில், இரவல் பதியும் கொப்பியில் ஏறும். ஊர் முழுக்க அப்படித்தான். நானும் அதில் ஒரு பிழையும் காணவில்லை.

றெஜினாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். திருப்பி வந்த புத்தகமொன்றுக்குள் அவள் வைத்த துண்டுக் கடதாசி இருந்தது. குண்டு குண்டான எழுத்து. அதைப் படித்துவிட்டு அலுமாரி முழுவதையும் கிளறினேன். அவள் எழுதிக் கேட்டது அங்கே இல்லை: "அண்ணை, இதிலை சனங்கள் எண்டு எழுதின இடமெல்லாம் ஆம்பிளையள்தான் வருகினம். மிச்சச் சனத்தைப் பற்றி எழுதினது ஏதும் இருக்கோ?"

கொப்பி கேட்டவர்கள்

அந்த வருடம் தெற்கே இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். எங்கள் பக்கத்திலும் பொலிஸார் எங்கள் அலுமாரியில் இருந்தவை போன்ற புத்தகங்களைத் தேடினார்கள். பலர் அடுப்பில் போட்டார்கள், சிலர் கிணற்றில் போட்டார்கள். இரவல் கொப்பியையும் எரித்துவிடு என்று வாசிகசாலைத் தலைவர் சொன்னார். நான் கேட்கவில்லை. அத்தனை வருடமாக அடித்தல் திருத்தல் இல்லாமல் வைத்திருந்த கொப்பி. அந்தப் பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது.

சார்ஜன்ட் ஒருவர் வந்து அந்தக் கொப்பியை எடுத்து விரலை ஓட்டினார். அரசியல் அலுமாரியிலிருந்து பத்தொன்பது புத்தகம், எல்லாம் அந்தோனியின் பெயரில். என்னையும் கரைக்குக் கூட்டிப்போய், அங்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவனை என் கண் முன்னாலேயே ஜீப்பில் ஏற்றினார்கள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் குமர்ப்பிள்ளை ஒருத்தியைப் பொலிஸ் ஸ்டேசனுக்கு அனுப்புகிறேன். சொல்லாவிட்டால் ஒன்றும் அறியாதவனை அனுப்புகிறேன். அவன் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். ஜீப்புக்குள் இருந்து குனிந்து மெல்லச் சொன்னான்: "அண்ணை, அவளின்ரை பேரைச் சொல்லிப்போடாதேங்கோ."

வாங்குகளுக்கு நடுவே

அடுத்தநாள் காலை பேப்பர் வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாங்குகளுக்கு நடுவே றெஜினா வந்துகொண்டிருந்தாள். "எழும்புங்கோ அண்ணை, ஸ்டேசனுக்குப் போவம்" என்றாள். போனோம்.

இன்ஸ்பெக்டர் தமிழர். பத்தொன்பதையும் தானே வாசித்ததாக அவருக்கு முன்னால் நின்று சொன்னாள். அவர் நம்பவில்லை. எங்கள் அலுமாரியிலிருந்து அள்ளிவந்து மேசையில் போட்டிருந்த புத்தகங்களில் ஒன்றைத் தூக்கி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவள் சொன்னாள். அதிகாரம் பயத்தில்தான் நிற்கிறது, பயப்படுகிற சனம் பயத்தை விட்டால் அது விழுந்துவிடும் என்று எழுதியிருக்கிறது என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் ஒரு சொல்லும் பிசகவில்லை. இன்ஸ்பெக்டரோ சிரிக்கத் தொடங்கிவிட்டார். "ஒரு பெட்டை பொழுதுபோகாமல் வாசிச்சதுக்கோ இவனை அடைச்சு வைச்சிருக்கிறியள்? விடுங்கோடாப்பா" என்று சார்ஜன்ட்டைப் பார்த்துச் சொன்னார்.

அந்தோனி வெளியே வந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தப்பிவிட்டோம் என்ற சந்தோசத்தில் நான் ஏதேதோ கதைத்துக்கொண்டு நடந்தேன். றெஜினா தமையனின் கையைப் பிடித்தபடி வந்தாள். பாதி வழியில்தான் அவள் அழுவதைக் கண்டேன். ஏன் பிள்ளை, அண்ணனைத்தான் விட்டுவிட்டார்களே என்றேன். "என்ரை தமையன் வாசிச்சதெண்டு நினைச்சு அடிச்சவை. நான் வாசிச்சதெண்டவுடனை அவைக்குப் பயம் போயிட்டுது. அவ்வளவுதானே நான்?"

அடுத்த கிழமை புதுக் கொப்பி ஒன்று வாங்கி, முதல் வரியில் றெஜினா என்று அவளுடைய சொந்தப் பெயரையே எழுதினேன். அதைப் பற்றிப் பொலிஸார் ஒரு சொல்லும் கேட்கவில்லை, எங்கள் நிர்வாக சபைதான் நடுங்கிப்போய் மூன்று கூட்டம் போட்டது.