பதில் சொல்ல ஏலாதவர்கள்

திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் புறப்படும்போது யோகராணியின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "யோகா போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்டேன். அவ்வளவு மடையனாக நின்றேன். "விடிய நெஞ்சு நோவெண்டவ... ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேக்கையே..." "வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தவ" என்று அவரோடு வாதாடினேன்.

பாலையூற்றிலிருந்து ஸ்கூட்டியில் வரும் யோகராணியும் நானும் பதினொரு வருடங்கள் ஒரே கந்தோரில் அடுத்தடுத்த மேசைக்காரர். கடற்றொழிலாளரிடம் விவரம் திரட்டுவது எங்கள் வேலை.

முதல் வருடமே சண்டை. உயிர்காப்பு அங்கி போடாமல் கடலுக்குப் போகிறவர்களை இறக்கக்கண்டிக் கரையில் விசாரித்தேன். "எத்தினை வருசமாப் போய் வாறம், ஒண்டும் நடக்கேல்லையே" என்று எல்லோரும் சிரித்தார்கள். அங்கி கொடுப்பதில் பெரிய பயனில்லை என்று அறிக்கை எழுதிவிட்டேன். யோகராணி கையெழுத்திட மறுத்தார்.

"சீலன், நீங்கள் ஆரிட்டைக் கேட்டனீங்கள்? திரும்பி வந்த ஆக்களிட்டை. வராத ஆக்கள் எப்பிடிப் பதில் சொல்லுறது?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்களே போய்க் கேளுங்கோ" என்றேன். போனார். ஆளைக் கடலுக்குப் பறிகொடுத்த வீடுகளின் படலைகளையும் தட்டினார். கடலில் விழுந்தவர்களில் மீண்டவர் யார், மீளாதவர் யார், அங்கி போட்டிருந்தவர் யார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். மீளாதவர்களில் அநேகர் அங்கி போடாதவர்கள்; என் முடிவு தலைகீழானது. கரைக்கு அங்கிகள் வந்து சேர்ந்தன. அதன் பிறகு எங்கள் படிவம் ஒவ்வொன்றிலும் கடைசி நிரலுக்கு அவரே பேனையால் தலைப்பு எழுதுவார்: "பதில் சொல்ல ஏலாதவர்கள்."

போன வெள்ளிக்கிழமை அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "டொக்டரிட்டைக் காட்டினா என்ன?" என்றேன்.

"சும்மா இருங்கோ சீலன். மாசக்கணக்கா வந்து வந்து தானா விட்டிடுது. ஒண்டும் நடக்கேல்லையே."

இறக்கக்கண்டியில் கேட்ட அதே சொல். அதை யோகராணியின் வாயிலிருந்து கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. "ஓம், வாய்வாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தேன். "வராத ஆக்கள் எப்பிடிப் பதில் சொல்லுறது?" என்ற அவர் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் கந்தோரில் நான்தான். நான் கேட்கவில்லை.

இன்று அவர் மேசையில் புதிய படிவம் ஒன்று கிடந்தது. கடைசி நிரலின் மேல் அவரது எழுத்து, கீழே வெறுமை.

போய்வாருங்கள், யோகா. அதில் உங்கள் பெயரை எழுத எனக்கு ஏலாது.