கன்னியப்பனின் பிரீவீல்

கன்னியப்பன் ஒன்பது வருடம் ஆக்டிங் பியூனாக இருந்தான். திண்டிவனத்தில் எந்த ஆபீஸ் என்று கேட்க வேண்டியதில்லை. ஒன்றைப் பார்த்தவன் எல்லாவற்றையும் பார்த்தவன்தான். நிரந்தர பியூன்களுக்குத் தோளில் குறுக்கே போட்டுக்கொள்ளும் சிவப்பு டவாலியும் அதில் பித்தளை வில்லையும் உண்டு. ஆக்டிங் பியூனுக்கு இரண்டும் கிடையாது. நாளையிலிருந்து வராதே என்று அவனிடம் எந்த நாளும் சொல்லலாம். சொல்லக்கூடியவர் ஹெட்கிளார்க் வேதாசலம். நிரந்தரமாக்கலாம் என்று மேலே எழுதக்கூடியவரும் அவரே. ஆகவே கன்னியப்பன் அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தான். விறகு பிளந்தான். அவருடைய மாமியாரை மயிலம் கிருத்திகைக்கு வண்டி வைத்து அழைத்துப் போனான். இதில் எதையும் அவர் கேட்டுத் தான் செய்யவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

1938இல் ஆபீஸுக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்தார். சைக்கிள் பைத்தியம். வந்த சில மாதங்களில் ஆபீஸ் ஆட்களுக்கென்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஒரு பந்தயம் வைத்தார். அவர் ஊர் வழக்கப்படி எல்லோரும் சேர்ந்து கிளம்பக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். யார் முன்னால் வந்து சேர்கிறார் என்பது கணக்கில்லை, யாருக்குக் குறைந்த நேரம் பிடித்தது என்பதே கணக்கு. துரை இதைக் கரும்பலகையில் எழுதி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை.

கன்னியப்பனுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. ஜெயித்தால் துரையின் கண்ணில் படலாம். பட்டால் டவாலி.

அவனுடைய சைக்கிள் ஆபீஸ் காகிதக் கட்டுகளையும் அவன் மனைவி அம்சாவின் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளையும் சுமந்தே தேய்ந்திருந்தது. ரிப்பேர் கடை இருதயராஜ் அதைத் தலைகீழாக நிறுத்திப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். இரண்டு சுற்றில் நின்றது.

"இன்னாபா இது, எருமை சேத்துல எறங்கின மாதிரி நின்னுடுச்சு."

"வேகமாப் போவணும்ணே."

"ஹப்புல குண்டெல்லாம் பொரிகடலை மாதிரி ஆயிடுச்சு. அத இறுக்கற கோனும் போச்சு. செயின் மட்டும் புதுசு போட்டுப் பிரயோசனமில்ல, பழைய பிரீவீல் பல்லு அதையும் தின்னுடும். எல்லாத்தையும் மாத்தணும். எத வச்சி மாத்தப் போற?"

"ஆடு ஒண்ணு கீது."

ஆடு அம்சாவுடையது.

"ஆட்டக் குடுத்து சக்கரம் வாங்கறவன இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் அம்சா.

"டவாலி வரட்டும், பத்து ஆடு வாங்கித் தர்றேன்."

"டவாலி போட்டுக்கினு நீயே மேய்ப்பியா?"

ஆடு போயிற்று. செயினும் பிரீவீலும் கோன்களும் குண்டுகளும் வந்தன. இருதயராஜ் ஹப்பைக் கிருஷ்ணாயிலில் கழுவி, புதிய குண்டுகளைக் கிரீஸில் பதித்து, கோனை ஆடவும் விடாமல் இறுகவும் விடாமல் திருகினார். பிரேக் கட்டை வளையத்தில் உரசாதபடி நகர்த்தினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும்வரை சுற்றியது. நிற்கும்போதும் டியூப் வாயின் கனத்தில் இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. கன்னியப்பன் இதை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டினான். காற்றுக்குத் தடை என்று மட்கார்டைக் கழற்றினான். கனம் என்று கேரியரையும் மணியையும் கழற்றினான். மல்லாட்டை மூட்டை அம்சாவின் தலைக்கு ஏறியது.

பந்தயத்துக்கு நின்றது நாலே பேர்; விழுப்புரத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். கடைசிச் சீட்டு கன்னியப்பனுக்கு. அதற்கு முந்தியது வேதாசலத்துக்கு. நாற்பத்தெட்டு வயதில் அவர் பந்தயத்துக்கு வந்தது, துரை வைத்த காரியத்தில் இல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக. துரைக்கு முன்னால் அவரும் ஓர் ஆக்டிங் போலத்தான் இருந்தார்.

அவர் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துக் கன்னியப்பனை விட்டார்கள். சைக்கிள் சத்தமே இல்லாமல் போயிற்று. மிதிப்பதை நிறுத்தினாலும் போயிற்று. விக்கிரவாண்டிக்குள், ஹெட்கிளார்க்குக்கு வழிவிட்டுப் பின்தங்கியிருந்த இரண்டு குமாஸ்தாக்களைத் தாண்டினான். தாண்டும்போது "மன்னிச்சுக்குங்க" என்றான். அதற்கப்பால் புளியமரங்களுக்கிடையில் ஒரு அகலமான முதுகு தெரிந்தது. கிறீச் கிறீச்சென்று ஒரு செயினும் கேட்டது.

இன்னும் நாலு மிதி மிதித்திருந்தால் தாண்டியிருப்பான். கன்னியப்பன் மிதிப்பதை நிறுத்தினான். புதிய பிரீவீல் சனியன் நிற்கவில்லை. பிரேக்கைப் பிடித்தான்.

வேதாசலம் திரும்பிப் பார்த்தார்.

"யார்றா அது?"

"நான்தாங்க ஐயா, கன்னியப்பன்."

"எவ்வளவு நேரமா என் பின்னால வந்துக்கினு இருக்க?"

"இப்பத்தாங்க ஐயா."

"முன்னாடி போறதுன்னா போயேன்."

"ஐயா போங்க. எனக்கு இன்னா அவசரம்."

அவருக்கு அது பிடித்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் மோர் விற்பவளைப் பார்த்து இறங்கினார். கன்னியப்பனும் இறங்கினான். அவர் மோர் குடித்து, முகம் துடைத்து, மோரில் உப்பு போதவில்லை என்று அவளிடம் சண்டை போட்டு முடிக்கும்வரை இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். அவன் குடிக்கவில்லை. பிறகு அவர் ஏறியதும் ஏறினான். திண்டிவனம் வரை ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு வந்தான். தான் மரியாதையாகத் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைத்தான்.

வேதாசலம் முன்னால் வருவதைக் கண்டதும் ஆபீஸ் ஆட்கள் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். துரை கடிகாரத்தையும் கிளம்பிய நேரத்தையும் பார்த்துக் கூட்டிக் கழித்தார். பிறகு ஒரு வெள்ளிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே கன்னியப்பனிடம் வந்தார். பத்து நிமிட வித்தியாசத்தில் அவனே முதல். துரையின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு வேதாசலத்துடையது.

"உன் சைக்கிள் நல்லா இருக்குதாம்டா," என்றார்.

கோப்பை கைக்கு வந்தபோதுதான் ஐயாவைத் தான் ஜெயித்துவிட்டது அவனுக்குத் தெரிந்தது.

"ஐயாதானுங்களே முன்னாடி வந்தாரு," என்றான் துரையிடம். "நான் பின்னாடிதாங்க வந்தேன்."

வேதாசலம் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, துரை சிரித்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவனை மறுநாளே மறந்தும் போனார்.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் கோப்பையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, சைக்கிளையும் தள்ளிக்கொண்டு ஹெட்கிளார்க் வீட்டுக்குப் போனான். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டான்.

"இது ஐயாவுக்குச் சேர வேண்டியதுங்க."

"கப்பு எனக்கு எதுக்கு? உன் பேரு போட்டுத் துரை எழுதிட்டார். நான் என்ன, இரந்து வாங்கறவனா?" வேதாசலம் அவனைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே இல்லாம வந்ததே. என்ன பண்ணின?"

கன்னியப்பன் சொன்னான். செயின், பிரீவீல், கோன், குண்டு. சொல்லிக்கொண்டே பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான். அது சுற்றியது. வேதாசலம் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

மறுநாள் காலை கன்னியப்பன் தன் சைக்கிளோடும் ஹெட்கிளார்க்கின் சைக்கிளோடும் இருதயராஜ் கடைக்கு வந்தான். இதிலிருப்பதை அதில் போட வேண்டும், அதிலிருப்பதை இதில் போட வேண்டும்.

"அவரு கேட்டாரா?" என்றார் இருதயராஜ்.

"கேக்கல."

"அப்புறம்?"

"நல்லா இருக்குன்னாரு."

இருதயராஜ் ஸ்பேனரை எடுத்தார். கூலி வரும் வேலை. அவர் ஏன் பேச வேண்டும்?

அம்சாதான் பேசினாள். "ஆடு அவரு சைக்கிளுக்குன்னு மொதல்லியே சொல்லியிருந்தா, நேரா அவரு வூட்டுலயே கொண்டுபோய்க் கட்டியிருப்பேன். எதுக்கு இத்தினி பேஜாரு?"

கன்னியப்பன் டவாலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்த விஷயத்தில் அவன் கணக்கு தவறவில்லை. மாசி மாதம் உத்தரவு வந்தது. சிவப்பு டவாலியைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய்வந்தான். அந்த வாரமே மயிலத்துக்கு ஒரு கட்டு கொண்டுபோகச் சொன்னார்கள். மேடு தொடங்கும் இடத்தில், ஹெட்கிளார்க்கிடமிருந்து வந்த செயின் ஹெட்கிளார்க்கிடமிருந்து வந்த பல்லை விட்டுக் கழன்றது. இறங்கி மாட்டினான். பத்தடி போனான். மறுபடி கழன்றது. கையெல்லாம் கரி. டவாலியில் படாமல் அதைப் புறங்கையால் ஒதுக்கிக்கொண்டு, அம்சா துவைத்துக் கொடுத்திருந்த வேட்டியில் துடைத்தான்.

வழியில் போன வண்டிக்காரன் மாட்டை நிறுத்திப் பார்த்தான். "செயின் ரொம்பப் பழசு போல கீதே."

"எங்க ஹெட்கிளார்க்கு ஐயா வண்டில இருந்தது," என்றான் கன்னியப்பன், நிமிர்ந்து நின்று.