மண் ரோட்டு டிக்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பெற்றேன், நான்கை வளர்த்து ஆளாக்கினேன். பெண்கள் இரண்டும் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள். ஆண்கள் இரண்டு பேரும் இங்கே ஊரிகத்தில், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய ஒரே லைனில், நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். நான் சின்னவனோடு இருக்கிறேன். அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. சின்னவனின் மோட்டார் சைக்கிளில் இருந்த வழி காட்டும் மிஷினால் வந்த வினை என்று லைனில் சொல்கிறார்கள். மிஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்தே திக்குத் தெரியாது. எங்கள் லைன் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒரே தகரம், ஒரே கதவு. ஆறு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பின் லைனில் யார் வீட்டிலோ நுழைந்து, தட்டைப் போட்டு உட்கார்ந்து சோறும் சாப்பிட்டுவிட்டான். அந்த வீட்டுக்காரி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தபோது லைன் முழுக்கச் சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன். வளர்ந்து ஆளானதும் பெண் பார்க்கக் கோலாருக்குக் கிளம்பியவன் முல்பாகலில் போய் நின்றான். பெரியவன் இதையெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவான். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லத் தோன்றும்.

இப்படிப்பட்டவனுக்கு வண்டியில் ஊர் சுற்றும் ஆசை வந்தது. வாரம் முழுக்க ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருவான். ஞாயிற்றுக்கிழமை அங்கே உள்ள சிநேகிதர்களோடு மலை, அணை என்று போவான். கூட்டத்தின் கடைசியில், முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போவதுதான் அவன் வேலை. ஒருநாள் அவர்கள், இந்தப் பக்கத்து ஊர்க்காரன் நீதானே, ஹார்ஸ்லி மலைக்கு நீயே முன்னால் போய் எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல வந்தபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அவன் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அதற்காகத்தான் அந்த மிஷினை வாங்கினான். மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வாங்கினான். கைபேசி இருக்கிறதே, அதில் வழி காட்டாதா என்று கேட்டேன். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் அதன் கேமரா கெட்டுப்போகுமாம். வெயிலில் சூடாகி அணைந்துவிடுமாம். மழைத்துளி விழுந்தால் விரல் சொல்வதைக் கேட்காதாம். டவர் இல்லாத இடத்தில் ரோட்டுப் படமும் வராதாம். இதில் படம் உள்ளேயே இருக்கும், வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் வரும், ஹெல்மெட்டுக்குள் பேசும். கடையில் பெரிய திரை, சின்னத் திரை என்று இரண்டு காட்டினார்களாம். இவன் கையுறையைக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு இரண்டையும் தொட்டுப் பார்த்து, எது சொன்னபடி கேட்டதோ அந்தச் சின்னதை எடுத்து வந்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குடத்துத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு அதன் தலையில் ஊற்றினான்.

"டேய், வாரத்துக்கு ஒருவாட்டி வர்ற தண்ணிடா. பொட்டியக் குளிப்பாட்டிக்கினு கீறியா?"

"பாருமா, நனைஞ்சும் வேலை செய்யுது பாரு."

பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே காட்டினான். எந்த மாதிரி ரோட்டையெல்லாம் தவிர்த்துப் போக வேண்டும் என்று வரிசையாக இங்கிலீஷில் இருந்தது.

"மூணாவது வரி மண் ரோடுமா. இந்த டிக் இருக்கற வரைக்கும் தார் ரோட்லயே போவும். எடுத்துட்டா அவ்ளோதான். கிட்டத்து வழின்னு வெச்சிருக்கேன் இல்ல, மாடு போற சந்துல எல்லாம் இஸ்துக்கினு போயிடும்."

இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. டிக் தெரியும். ஷிப்ட் போனவன், போகாதவன் என்று மைன்ஸில் போடுகிற டிக்கை வைத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் பெரியவன் குடும்பத்தோடு வந்திருந்தான். மிஷினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாடா, இதைக் கேட்டாத்தான் பாத்ரூமுக்கே போவியா?"

"குடு ணா, கீழ போட்டுடப் போற."

"ஒரு தட்டு தட்டி வுட்டா மலைக்குப் பதிலா குப்பம் ஊர்ல இறக்கி வுட்டுடும்டா உன்னை. பின்னால வர்ற பதினாலு வண்டியும் அங்க யார் வூட்லயாவது பூந்து சோறு துன்னும்."

எல்லோரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"உங்கப்பா மைன்ஸ்ல அறுபதாவது லெவல்ல, கும்மிருட்டுல, ஒத்தை லாம்பை வெச்சிக்கினு முப்பது வருசம் போய் வந்தாரு. ஒருநாள் வழி தப்பல. அவருக்குப் பொறந்தவனுக்குப் பட்டப்பகல்ல பொட்டி வேணுமாம்."

அவன் எப்போதும்போலத் தலையைக் குனியவில்லை. என்னைப் பார்த்தே சொன்னான்.

"அவரு எங்கமா வழி கண்டுபிடிச்சாரு? கேஜ் கூண்டு கீழ இறக்குச்சு. தண்டவாளம் கூட்டிக்கினு போச்சு. திரும்பக் கேஜ் மேல ஏத்தி வுட்டுச்சு. அவருக்கும் மிஷின்தான் வழி காட்டுச்சு. என்னுது சின்ன மிஷின், அவ்ளோதான்."

பெரிய மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் சொன்னது உண்மை. அதுதான் என்னைக் குத்தியது. மைன்ஸ் மூடிய பிறகு ஆஸ்பத்திரிக்காக என் வீட்டுக்காரரைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனேன். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விட்டால் காணாமல் போய்விடுவேன் என்றார். வெளியுலகத்தில் அவருக்கு ஒரு தெருவும் தெரியாது. சின்னவன் அப்படியே அவரை உரித்து வைத்த பிள்ளை. இது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. செத்துப்போன மனிதனை நாலு பேர் முன்னால் பெரிய ஆளாக நிறுத்தி வைத்திருந்தேன், இவன் ஒரே வார்த்தையில் கேஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான்.

விடிந்தும் விடியாமல் அவன் வாசலில் வண்டிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தான். மிஷின் டி.வி. பக்கத்தில் இருந்தது. அவன் சொல்லிக்கொடுத்தபடியே விரலை வைத்துப் போனேன். வரிசை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதைத் தொட்டேன். டிக் போனது. அவன் வந்து எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்மா" என்றான். "பத்திரம்" என்றேன்.

அப்புறம் நடந்ததை அவன் பெண்டாட்டியிடம் சொல்லும்போது கேட்டேன். பேத்தமங்கலம் ஏரிக்கரையில் பதினாலு வண்டியும் அவனுக்காகக் காத்திருந்தன. வி.கோட்டா வரை நன்றாகவே போனார்கள். புங்கனூருக்கு முன்னால் மிஷின் இடது பக்கம் திரும்பு என்றது. கேழ்வரகுக் கொல்லைக்கு நடுவே சிவப்பு மண் பாதை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. பின்னால் வந்தவர்கள் ஆரன் அடித்து, வேண்டாம் என்று கையைக் காட்டினார்களாம்.

"எனக்கும் தப்பாத்தான் தெரிஞ்சுது" என்று அவளிடம் சொன்னான். "ஆனா என் கண்ணு சொன்னதைக் கேட்டு நான் என்னிக்கு ஒழுங்கா போய்ச் சேர்ந்தேன்? அதான் அது சொன்னபடி போனேன்."

குட்டைக்கரையில் சறுக்கி மூன்று வண்டிகள் விழுந்தன. ஒருவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. வழி காட்ட இன்னொருவன் முன்னால் போனான். மற்றவர்கள் அவன் பின்னால் மலைக்குப் போனார்கள். இவனை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மத்தியானம் முழங்கால் வரை சேற்றோடு தனியாக வீட்டுக்கு வந்தான், வழியெல்லாம் கேட்டுக் கேட்டு.

காலைக்கூடக் கழுவாமல் மிஷினைத் திறந்து பார்த்தான். டிக் இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. இங்கிலீஷ் தெரியாத கிழவிமேல் யாருக்குச் சந்தேகம் வரும்? நேராக அண்ணன் வீட்டுக்குப் போனான். லைன் முழுக்க வெளியே வந்து நின்றது. சட்டையைப் பிடித்துவிட்டான். பெரியவன் மகள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தான். "நேத்து உன் வாயாலயே சொன்னியேடா" என்று சின்னவன் கத்தினான். அண்ணனை 'டா' போட்டு அவன் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எதுவுமே பேசவில்லை.

மறுநாள் பெரியவன் என்னிடம் வந்தான். ஐம்பது வயது ஆள், கண் கலங்கியிருந்தது.

"மா, நான் வெளாட்டுக்குச் சொன்னது. அதைத் தொட்டது நெசம், கையில வாங்கிப் பார்த்தேன், அவ்ளோதான். நீ அங்கதானே இருந்த? நீயாவது அவங்கிட்ட சொல்லேன்."

"நான் இன்னாத்தடா கண்டேன்? உங்க மிஷினும் நீங்களும்" என்றேன்.

அவன் போன பிறகு சோறு வடித்துச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

சின்னவன் வண்டியை விற்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். யாரும் அவனைக் கேலி செய்வதில்லை, செய்கிறவன்தான் நாலு வீடு தள்ளி வாயை மூடிக்கொண்டிருக்கிறானே. எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பெற்ற பிள்ளை முன்னால் தலைகுனிந்து நிற்க எனக்கு வராது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, இந்த வயதில் பழகிக்கொள்ளப் போவதுமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். எந்தத் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தானோ அந்தப் பெண்ணுக்கு. நேற்று பெரியவனே பழத்தட்டோடு வாசல் வரை வந்து நின்றான். சின்னவன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சித்தப்பன் இல்லாமல் தட்டு மாற்றினால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். கேட்டால் பெரியவன் என்ன சொல்லுவான்? தம்பியை ஏமாற்றிய அண்ணன் என்ற பெயரோடுதான் அவன் மனையில் உட்கார வேண்டும். அந்தப் பெயர் அவனுடையது இல்லை, என்னுடையது. என் பெயரை இன்னொருவர் தூக்கித் திரிய நான் விட்டதே தப்பு. அதனால்தான் இந்த நோட்டில் எழுதினேன்.

சின்னவன் உள்ளே படுத்திருக்கிறான். தூங்கவில்லை, இருமல் கேட்கிறது. அவன் மகளைக் கூப்பிட்டேன்.

"இந்தாமே, இங்க வா. இந்த நோட்டை முதல்லேர்ந்து படி. என் எழுத்து கோணலா இருக்கும், கூட்டிப் படி. உங்கப்பன் காதுல வுழணும், சத்தமா படி. நடுவுல யாரு அழுதாலும் நிறுத்தாதே."