நீர்மூழ்கிக் கப்பல் படமும் கோபாலும்

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்துவிட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாயே வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறேன். நேற்று வாசல் இரும்புக் கேட் கிறீச்சிடுகிறதே என்று கீலுக்கு மிஷின் எண்ணெய் விட்டேன். விரலில் ஒட்டியதை முகர்ந்ததும் செல்லூர் தறிக் கொட்டகை வந்துவிட்டது. எண்ணெயும் பஞ்சுத் தூசும் கலந்த வாசனை. கல்யாணமான புதிதில் என் மனைவி என் சட்டையை மட்டும் தனியாக எடுத்து வைப்பாள். அன்பு என்று நினைத்தேன். மற்ற துணிகளில் வாசனை ஏறிவிடுமாம்.

விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் கொட்டகையில் கையும் உதடும்தான் பேச்சு. மூக்கைத் தொட்டால் முதலாளி வருகிறார், அவருக்கு மூக்கு பெரிது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது சொர்க்கம். வெளியே நாலு வார்த்தைக்குத் திணறுகிறவன், உள்ளே கையாலேயே ஊர்க்கதை அளப்பேன். எதிர்த்தறி கோபால்தான் கேட்கிற ஆள். வீட்டில் அவர்கள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள.

தறியை விட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் கோபாலுக்கு ஒரே எண்ணம். தொண்ணூறுகளின் நடுவில் அவன் மாமா சொல்லி, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. தூசி இல்லை, தலைக்கு மேல் மின்விசிறி, வெள்ளைச் சட்டை. அந்த வேலையை நம்பித்தான் அவனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டாரும் கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தார்கள். அவன் சேருவதற்கு முந்தின வாரம், கரண்ட் இல்லாத ஒரு நாள், கொட்டகையே சேர்ந்து காலைக் காட்சிக்குப் போனோம். கோபால் செலவு.

பழைய இங்கிலீஷ் படம். பெயரை வாசிக்க எங்களில் யாருக்கும் வராது. போஸ்டரில் கடலும் தீயும் இருந்தன, அது போதாதா? நீர்மூழ்கிக் கப்பல் சண்டை. மேலே ஒரு கப்பல், கடலுக்கடியில் ஒரு கப்பல். மேலே இருப்பவன் மண்ணெண்ணெய் டிரம் மாதிரி குண்டுகளை உருட்டிவிடுகிறான். கீழே இருப்பவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு வேர்வை வழிய நிற்கிறார்கள். ஒரு ஸ்பானர் விழுந்தாலும் மேலே கேட்டுவிடும். அதனால் கேப்டன் விரலைத்தான் காட்டுகிறான். எங்கள் வரிசையில் ஒரே சந்தோஷம், இவர்களும் நம்ம கொட்டகை ஆட்கள்தான் என்று. பிறகு மேலே போகும் கப்பலின் அடியில் சுழலும் விசிறிச் சத்தம் மட்டும் மெல்ல மெல்ல நெருங்கியது. முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

அப்போது கோபால் எழுந்து, ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினான். "ஏய், சவுண்டு போயிருச்சு. சவுண்டு வைங்கப்பா."

தியேட்டரே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "மெல்லண்ணே, மேல இருக்கவன் காதுல விழுந்தா குண்டப் போட்ருவான்" என்றார். எல்லோரும் சிரித்ததால் கோபாலும் சிரித்தான். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்துவிட்டது.

படம் விட்டு, புரோட்டாக் கடையில் மற்றவர்கள் எழுந்து போன பிறகு கேட்டான். "எம்புட்டு நேரம்டா சவுண்டு இல்ல?"

"போகவே இல்ல மாப்ள. மேல கப்பல் போற சத்தம் நல்லாக் கேட்டுச்சு."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புரோட்டாவைப் பிய்த்தான், சாப்பிடவில்லை. "குண்டு வெடிச்சது தெரிஞ்சுச்சு மாப்ள. நெஞ்சுல அதிருச்சு. அதக் காதுன்னு நெனச்சிட்டேன்."

எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசுகிற இடத்தில் ஒருவனுக்குக் காது போனது யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியவில்லை. அவன் அம்மா மட்டும் என்னிடம் குறைப்பட்டிருந்தார், கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் ஏறிவிட்டது என்று.

காது விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் கடையில் சேர்ந்தான். ஒரு வாயைப் பார்த்து வேலை செய்ய அவனால் முடியும். தீபாவளிக் கூட்டத்தில் பத்து வாய் ஒன்றாகக் கேட்கும். பாதிப் பேர் துணியைக் குனிந்து புரட்டிக்கொண்டே கேட்பார்கள். தீபாவளி முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். பெண் வீட்டுக்குச் சேதி உடனே போய்விட்டது. பிறகு அந்தப் பேச்சே இல்லை.

பழையபடி எதிர்த்தறியில் வந்து நின்றான். தறியை விட்டால்தான் மிச்சக் காதாவது தங்கும் என்று டாக்டர் சொன்னாராம். காது கேட்காதவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? அந்தச் சத்தத்துக்குள் நின்றால்தான் அவன் எல்லோரையும் போல இருந்தான். இருந்த கொஞ்சக் காதையும் அங்கேயே கொடுத்தான்.

சில வருஷம் கழித்து முதலாளி தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். ஒருநாள் கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் கோபாலைப் பார்த்தேன். சந்தோஷத்தில் தூரத்திலிருந்தே கையால், சௌக்கியமா, டீ குடிப்போமா என்று கேட்டேன். அவன் வேகமாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினான்.

"வேணாம் மாப்ள. ரோட்டுல கைய ஆட்டாத. ஊமைன்னு பாப்பாக."

எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாயால் பேசிப் பார்த்தேன். நான் உதடு பிரியாமல் முணுமுணுக்கிறவன். ஆள் கூட்டத்தில் இன்னும் மோசம். என் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. தெரிந்தது போலத் தலையை ஆட்டி, "சரி மாப்ள, வாரேன்" என்று வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. அவன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். பழைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதாம். கொட்டகை இருந்த இடம் பிளாஸ்டிக் குடோன். தியேட்டரை இடித்து வண்டி நிறுத்துகிறார்கள். அன்று பஸ் ஸ்டாப்பில் அவனுக்குப் பிடிபடாமல் போனதை இப்போது சொல்ல வேண்டும் என்றால்கூட எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை.

இதை எழுதி முடித்தது புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம்.