மூன்றாவது இணைப்பு

"மூணு ஆஸ்பத்திரியும் நோயாளிங்க விவரத்தை மூணு விதமான டேட்டாபேஸ்ல வச்சிருக்கும்மா. ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது. நடுவுல லைப்ரரின்னு ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். நான் ஒரு தடவை கேட்டாப் போதும். அது ஒவ்வொண்ணுகிட்டயும் அததுக்குப் புரியிற மாதிரி கேட்டு வாங்கித் தந்துடும்."

"மூணு மாமியாருக்கு ஒரே மருமகள்னு சொல்லு" என்றாள் அம்மா. சிரித்தேன். துணியை மடித்துக்கொண்டே, செத்தவர்கள் விவரமும் அதில் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஏழு வருடத்துக்கு முன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன என் தம்பியைத்தான் நினைக்கிறாள் என்று தெரியும். தேடச் சொன்னால் எங்கே பதில் வந்துவிடுமோ என்று பயம். அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான்.

இனி சொல்லப்போவதை நீங்கள் நம்பாமல் போகலாம். பரவாயில்லை. நான் கண்ணால் பார்த்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் நான் மட்டும். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, டேட்டாபேஸிடம் ‘1’ கொடு என்று கேட்போம். உயிரோடு இருந்தால் ‘1’ என்று பதில் தரும். அவ்வளவுதான். 3:10க்கு முதல் ஆஸ்பத்திரி ‘1’ என்றது. இரண்டாவதும் ‘1’.

மூன்றாவது... யோசித்தது.

3:12. ஏசியின் இரைச்சல் சட்டென்று நின்றது.

திரையில் ‘1’ வரவில்லை. ஒரு வரி வந்தது. ‘ஆண். வயது சுமார் இருபது. இடது புருவத்தில் தழும்பு. பெயர் தெரியவில்லை.’

அந்தத் தழும்பு என்னால் வந்தது. சின்ன வயதில் நான் அலமாரிக் கதவைப் படாரென்று திறந்ததில்.

புரோகிராமை மூடினேன். மறுபடி ஓட்டினேன். அதே வரி... கடைசியில் ஒன்று கூடியிருந்தது.

‘தகவல் சொல்ல வேண்டியவர்: அக்கா.’

நாற்காலியின் முதுகை யாரோ பிடித்தார்கள்...

திரும்பவில்லை.

ஓடினேன்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிகளுக்கு நெட் லைன் போடுகிற அண்ணனைப் பிடித்து விசாரித்தேன். "மூணாவது ஆஸ்பத்திரிக்கு நான் இன்னும் ஒயரே இழுக்கலையேம்மா" என்றார்.

மாலை நான்கு மணிக்கு இழுத்து முடித்தார். செத்தவர்கள் பட்டியலில் தேடினேன். அந்த வரி இருந்தது. ‘அக்கா’ இல்லை. பக்கத்தில் தேதி மட்டும். தம்பி போனதற்கு மறுநாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்தாள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு மெல்ல வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ணு... செத்தவங்க பட்டியல்ல தம்பி இருக்கானான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா."